வால்துடுப்பும் வாக்குச்சீட்டும்



அமெரிக்காவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். நான் அரசியல் படித்தவன் அல்ல. விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதி வாழ்ந்தவன். சின்ன வயதிலிருந்தே கார்களின் உருவத்துக்கு மனதைப் பறிகொடுத்தவன். அதனால் அந்த நாட்டுக்குள் எனக்குத் தெரிந்த வாசல் வழியாகவே நுழைகிறேன். கார், காரை விற்ற விளம்பரம், அந்த விளம்பரத்திடம் பாடம் கற்றுக்கொண்ட அரசியல் என்று இந்த மாலைப் பேச்சு போகும்.

முதலில் 1959ஆம் வருடத்துக் கடிலாக் காரின் பின்பக்கத்தைக் காட்ட ஆசை. படம் கொண்டுவரவில்லை, சொல்லியே காட்டிவிடுகிறேன். வண்டி 18 அடிக்கும் மேல் நீளம். கதவைத் தாண்டியதும் பக்கவாட்டுத் தகடு மெல்ல மேலே ஏறத் தொடங்குகிறது. ஏறி ஏறி, டிக்கியின் இரண்டு ஓரங்களிலும் கத்தி முனையாக வானத்தைப் பார்த்து முடிகிறது. இதுதான் வால்துடுப்பு. ஒவ்வொரு துடுப்பின் இடுப்பிலும் தோட்டா வடிவத்தில் இரண்டிரண்டு சிவப்பு விளக்குகள். கீழே பம்பர் முழுக்கக் குரோமியம். வெயிலில் நின்றால் கண் கூசும். அந்த உலோகத்தில் ஒரு நேர்கோடுகூடச் சோம்பி நிற்பதில்லை. எல்லாக் கோடுகளும் எங்கோ புறப்பட்டுப் போகிற அவசரத்தில் இருக்கின்றன. எனக்கு அது அழகு. அதை அழகு என்று சொல்ல இந்த வயதிலும் எனக்குத் தயக்கமில்லை. இந்தப் பேச்சில் நான் எவ்வளவு கோபப்பட்டாலும், அந்த அழகை நான் மறுக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அந்தத் துடுப்பு எதற்குப் பயன்பட்டது? கிறைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் இருந்த துடுப்பு வேகத்தில் வண்டியை நிலையாக வைத்திருக்கும் என்று விளம்பரம் செய்தது. சாலையில் போகிற குடும்பத்துக்கு அதனால் ஆன நன்மை ஒன்றுமில்லை. துடுப்பு பிறந்தது போர்விமானத்திலிருந்து. ஜெனரல் மோட்டார்ஸில் உருவமைப்புத் துறைக்குத் தலைவராக இருந்த ஹார்லி ஏர்ல், லாக்ஹீட் பி-38 என்ற இரட்டைவால் விமானத்தைத் தன் ஆட்களோடு போய்ப் பார்த்தார். போர் முடிந்து 1948இல் வந்த கடிலாக்கில், பின்விளக்குக்கு மேலே ஒரு சின்ன மேடாக அந்த வால் முளைத்தது. பதினோரு வருடத்தில் கத்தி முனையாக வளர்ந்துவிட்டது.

ஏர்ல் 1893இல் ஹாலிவுட்டில் பிறந்தவர். அப்பா குதிரை வண்டி கட்டியவர், பிறகு கார்களுக்குப் பாடி கட்டினார். சினிமாக்காரர்கள் அந்தப் பட்டறைக்கு வாடிக்கையாளர்கள். காரின் முழு உருவத்தையும் களிமண்ணில் செய்து பார்க்கும் வழக்கத்தைக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். மரத்தில் செதுக்கினால் கோணம் வரும். களிமண்ணைக் கையால் இழுத்து நீவினால் வளைவு வரும். அமெரிக்கக் கார்கள் முப்பதுகளிலிருந்து ஏன் அப்படித் திரண்டு, வழிந்து, உருண்டு நிற்கின்றன என்பதற்குப் பாதி விடை அந்தக் களிமண்ணில் இருக்கிறது.

மீதிப் பாதி, ஏர்லை 1927இல் வேலைக்கு அழைத்த ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோனின் கணக்கில் இருக்கிறது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தது. 1927இல் நிறுத்தும்வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளியேறின. ஆரம்பத்தில் 850 டாலர், பிற்காலத்தில் 300 டாலருக்கும் கீழே. வருடக்கணக்கில் கறுப்பு நிறம் மட்டும்தான். விவசாயியும் வாங்கினார், தொழிலாளியும் வாங்கினார். எல்லோரும் வாங்கிவிட்ட பிறகு யாரிடம் விற்பது? ஸ்லோன் கண்ட வழி இது. காரின் உருவத்தை வருடாவருடம் மாற்று. போன வருடம் வாங்கியவனுக்குத் தன் கார் பழசாகிவிட்டது என்று தோன்ற வேண்டும். செவ்ரொலே வைத்திருப்பவன் பியூக்கைப் பார்க்க வேண்டும், பியூக் வைத்திருப்பவன் கடிலாக்கைப் பார்க்க வேண்டும். கையில் காசு இல்லையா, தவணையில் எடு. அதற்கென்று 1919லேயே ஜெனரல் மோட்டார்ஸ் தனியாக ஒரு கடன் நிறுவனம் வைத்திருந்தது.

என் மனதை உறுத்துவது இதுதான். ஏர்லின் அழகும் ஸ்லோனின் அதிருப்தியும் ஒரே மேசையில் பிறந்தவை. கலைஞன் மனமுவந்து இழைத்த வளைவு, அதை வாங்கியவனுக்கு அடுத்த வருடம் சலிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் ஷோரூமுக்குப் போகிறது. ஓடுகிற வண்டியைப் பழுதில்லாமலே பழசாக்குகிற இந்த வித்தை, பிற்பாடு உலகத்தின் எல்லாப் பண்டங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

விளம்பரத்துக்கு வருகிறேன். 1923இல் நெட் ஜோர்டன் என்பவர் தன் சிறிய கார் நிறுவனத்துக்காகத் தானே ஒரு விளம்பரம் எழுதினார். வயோமிங் மாநிலத்தில் ரயிலில் போகும்போது, ரயிலோடு போட்டி போட்டுக் குதிரையில் வந்த ஒரு பெண்ணை அவர் பார்த்தார் என்று சொல்வார்கள். விளம்பரத்தில் லாரமி என்ற ஊருக்கு மேற்கே எங்கோ ஒரு பெண், காற்று, வெட்டவெளி, ஓடுகிற ஒரு வண்டி. எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விலை எவ்வளவு, எத்தனை குதிரைசக்தி, பிரேக் எப்படி, எதுவும் கிடையாது. அதைப் படித்தவன் காரை வாங்கவில்லை, அந்த வெட்டவெளியில் தான் இருப்பதாக ஒரு நினைப்பை வாங்கினான். ஜோர்டனின் நிறுவனம் பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் மூழ்கிப்போனது. அவர் திறந்த வழி மூழ்கவில்லை. இன்றுவரை நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் கார் விளம்பரங்களில் வண்டி தனியாகத்தானே போகிறது? மலைப்பாதை, ஆளில்லாத கடற்கரை, பாலைவனம். நெரிசல் இல்லை, சிக்னல் இல்லை, எதிரே வருபவர் யாருமில்லை. கூடவே, அந்தச் சாலையைப் போட்டது யார் என்ற கேள்வியும் இல்லை.

போட்டது அரசாங்கம். 1919இல் ராணுவ வண்டிகளின் அணி ஒன்று வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. சேறு, உடைந்த பாலங்கள், புழுதி. போய்ச் சேர 62 நாள். அதில் ட்வைட் ஐசனோவர் என்ற இளம் அதிகாரியும் இருந்தார். அவரே அதிபரான பிறகு, 1956 ஜூன் 29 அன்று மாநிலங்களிடை நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல் சாலை. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மத்திய அரசினுடையது. பெட்ரோல் வரியிலிருந்து வந்த பணம். மனித வரலாற்றின் மிகப் பெரிய பொதுப்பணிகளில் ஒன்று அது. அந்தச் சாலையில் ஓடிய காரை விற்ற விளம்பரமோ, நீ யாருடைய தயவும் இல்லாத சுதந்திர மனிதன் என்று வாங்குபவனிடம் சொன்னது. எல்லோருடைய வரிப்பணத்தில் எழுந்த ஒன்றைத் தனியாளின் வீரமாகக் காட்டிய இந்தக் கணக்கு மறைப்பை அமெரிக்க அரசியலின் வேர்களில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன். அரசாங்கம் எனக்கு என்ன செய்தது என்று அரசாங்கச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிற குரல் அங்கே இன்றைக்கும் கேட்கிறது.

அந்தச் சாலை எல்லோருக்கும் ஒரே சாலையாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். நியூயார்க் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்தவர் விக்டர் ஹியூகோ கிரீன், தபால்காரர். 1936இல் அவர் ஒரு கையேடு வெளியிடத் தொடங்கினார். கறுப்பினத்தவர் காரில் வெளியூர் போனால் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்க இடம் தருவார்கள், எங்கே சாப்பாடு போடுவார்கள், எங்கே தலைமுடி வெட்டுவார்கள், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறையைத் திறந்துவிடுவார்கள் என்ற பட்டியல்தான் அது. பல ஊர்களில் இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் தலைகாட்டவே முடியாது. அதனால் கிளம்பும்போதே சாப்பாடு, தண்ணீர், உபரிப் பெட்ரோல் எல்லாம் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு புத்தகம் தேவைப்படாத நாள் ஒன்று வரும் என்று கிரீன் அந்தக் கையேட்டிலேயே நம்பிக்கையோடு எழுதினார். அவர் 1960இல் காலமானார், இந்தப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964இல். செவ்ரொலேயில் ஏறி நாட்டைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று தொலைக்காட்சியில் பாடகி டைனா ஷோர் அழைத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான், இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் பயணம் போயின.

ஆனாலும் காரை அடக்குமுறையின் கருவி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1955 டிசம்பரில் அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ், பஸ்ஸில் வெள்ளையருக்காக இடத்தை விட்டு எழ மறுத்தார். அதன்பின் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறவில்லை. அத்தனை நாளும் வேலைக்கு எப்படிப் போனார்கள்? நடந்தார்கள். மற்றபடி, கார் வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். முறை வைத்து, நிறுத்தங்கள் குறித்து, ஓட்டுநர்களை ஒழுங்குபடுத்தி நடத்திய பெரிய ஏற்பாடு அது. தேவாலயங்கள் தங்கள் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி ஓடவிட்டன. உருளும் தேவாலயங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. உள்ளூரில் காப்பீட்டை ரத்து செய்தபோது லண்டன் லாய்ட்ஸ் மூலம் காப்பீடு எடுத்தார்கள். 1956 ஜனவரியில் போலீசார் ஓர் இளம் பாதிரியாரின் காரை நிறுத்தி, 25 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் 30 மைல் வேகத்தில் போனார் என்று கைது செய்து சிறையில் வைத்தார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு போனதுதான் உண்மையான குற்றம். அந்தப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங். அவரிடம் கடைசியில் மறுபடி வருவோம்.

காரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. ஒரு பொருளை ஆயிரம் பேர் பகிர்ந்துகொண்டு ஒரு நகரத்தின் சட்டத்தையே அசைத்தார்கள். இதை எந்தக் கார் விளம்பரமும் அன்று காட்டவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் போனால் மூன்று கார் விற்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ரோசா பார்க்ஸ் ஏறிய அந்தப் பஸ்ஸை இன்று டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதிபர் கென்னடி சுடப்பட்ட லிங்கன் காரும் அதே கூரையின் கீழ்தான் நிற்கிறது.

பக்கத்திலேயே டெட்ராய்ட். அங்கே ஹேஸ்டிங்ஸ் தெரு என்று ஒன்று இருந்தது. கறுப்பினத்தவரின் கடைகள், இசை விடுதிகள், தேவாலயங்கள் நிறைந்த தெரு. பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் தந்தை நடத்திய தேவாலயமும் அங்கேதான் இருந்தது. நெடுஞ்சாலை வந்தபோது அந்தத் தெருவையே பெயர்த்துப் பள்ளமாக்கி, அதன் மேல் சாலை போட்டார்கள். அந்தச் சாலையின் பெயர் கிறைஸ்லர் நெடுஞ்சாலை. மயாமியில், செயின்ட் பாலில், நியூ ஆர்லியன்ஸில் எல்லாம் இதே கதைதான். விளம்பரத்தில் ஆளே இல்லாமல் நீளும் அந்தச் சாலைக்காகக் காலி செய்யப்பட்டவர்களும் இருந்தார்கள்.

இனி வாக்குச்சீட்டுக்கு வருகிறேன். 1952 தேர்தலில் ஐசனோவருக்காக ராசர் ரீவ்ஸ் என்ற விளம்பரக்காரர் இருபது வினாடி அளவில் தொலைக்காட்சிப் படங்கள் எடுத்தார். தலைவலி மாத்திரையை விற்றுக் கொடிகட்டிப் பறந்தவர் அவர். பொதுஜனம் கேட்கும், தளபதி பதில் சொல்வார், இதுதான் அமைப்பு. ஐசனோவர் ஒரே நாளில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பதில்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கேள்வி கேட்கும் மக்களைப் பிறகு பிடித்துவந்து தனியாகப் படமெடுத்து ஒட்டினார்கள். கேட்டவர் பதில் சொன்னவரைப் பார்க்கவே இல்லை. திரையில் இருவரும் உரையாடினார்கள். இதை முதன்முதலில் அறிந்தபோது, என் தொழிலைப் பற்றி எனக்கு ஏற்பட்ட பயம் இன்னும் போகவில்லை.

ஆனால் என் தொழிலின் உச்சம் என்று நான் மதிப்பதும் அந்தக் காலத்தில்தான் வந்தது. 1959இல் நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் வோக்ஸ்வாகன் காருக்கு விளம்பரம் செய்யும் பொறுப்பை ஏற்றது. ஹிட்லர் ஆட்சியில் பிறந்த கார் அது. அந்தத் தொழிற்சாலையில் போர்க்காலத்தில் கட்டாய உழைப்புக்குப் பிடித்துவரப்பட்டவர்கள் வதைபட்டார்கள். விளம்பரத்தை நடத்திய பில் பெர்ன்பாக் ஒரு யூதர். போர் முடிந்து பதினாலு வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த முதல் பக்கங்களில் ஒன்றை உங்கள் கண்முன் விரிக்கிறேன். முழுப் பக்கமும் வெள்ளை. இடப்புறம் மேலே, தபால்தலையை விடச் சற்றே பெரிதாக, அந்த வண்டுக் கார். கீழே மூன்று பத்தி எழுத்து. தலைப்பு இரண்டே சொல், முடிவில் ஒரு முற்றுப்புள்ளி: சிறிதாக எண்ணுங்கள். ஹெல்மட் குரோன் பக்கத்தை வடிவமைத்தார், ஜூலியன் கேனிக் எழுதினார். பக்கத்தை நிறைத்து, காரை நிஜத்தைவிட நீளமாக வரைந்து, பக்கத்தில் பட்டு உடுத்த பெண்ணை நிறுத்திய டெட்ராய்ட் விளம்பரங்களுக்கு நடுவே இந்த வெள்ளைப் பக்கம் வந்தது. இன்னொரு விளம்பரத்தில் காரின் படத்துக்குக் கீழே எலுமிச்சை என்று ஒரே சொல். பழுதான காரை அங்கே அப்படித்தான் திட்டுவார்கள். உள்ளே இருக்கும் சின்னப் பெட்டியின் குரோமியப் பட்டையில் ஒரு மாசு இருந்ததால் இந்தக் காரை நிராகரித்துவிட்டோம் என்று கீழே விவரம். படிப்பவரை அறிவுள்ளவராக மதித்துப் பேசிய விளம்பரம் அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்தவர்கள் என் முன் வைத்த பாடம் இவைதான். ஒவ்வொரு வரியும் நிதானமாக, பொய் பேசாமல் நடக்கும்.

அதே நிறுவனத்தைத்தான் 1964 தேர்தலில் அதிபர் லிண்டன் ஜான்சனின் கட்சி அமர்த்தியது. செப்டம்பர் 7 இரவு, தொலைக்காட்சியில் ஒரு நிமிடப் படம். ஒரு சின்னப் பெண்குழந்தை பூவின் இதழ்களைக் கிள்ளி எண்ணுகிறது, எண்ணிக்கை தடுமாறுகிறது. குழந்தை நிமிர்ந்து பார்க்கிறது. ஓர் ஆணின் குரல் பத்திலிருந்து தலைகீழாக எண்ணத் தொடங்குகிறது. கேமரா குழந்தையின் கண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. பூஜ்யம். அணுகுண்டு வெடிக்கிறது. ஜான்சனின் குரல், நாம் ஒருவரை ஒருவர் நேசிக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும் என்ற பொருளில் பேசுகிறது. எதிர்வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டரின் பெயரே அதில் இல்லை. காசு கொடுத்து ஒளிபரப்பியது ஒரே ஒரு முறை. மறுநாளிலிருந்து செய்திகளே அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. ஜான்சன் நூற்றுக்கு 61 வாக்கு வாங்கி வென்றார்.

கோல்ட்வாட்டர் அணு ஆயுதத்தைப் பற்றிப் பொறுப்பில்லாமல் பேசியவர்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வாதம் ஒன்றும் வைக்காமல், மக்களின் நெஞ்சில் ஏற்கெனவே இருந்த பயத்தை ஒரு குழந்தையின் கண் வழியாகத் தொட்டு வாக்காக மாற்றியதை எண்ணிப் பாருங்கள். லாரமிக்கு மேற்கே ஆசையைத் தொட்டார்கள், இங்கே பயத்தைத் தொட்டார்கள். கைவேலை ஒன்றுதான். ஜெயித்த ஜான்சன், 1965 மார்ச்சில் வியட்நாமுக்குத் தரைப்படையை அனுப்பினார். அந்தப் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா, அந்தப் பதவிக்கு முன் ஃபோர்டு கம்பெனியின் தலைவராக இருந்தவர். காரை எண்களால் ஆண்டவர், போரையும் எண்களால் ஆள முயன்றார். அதன் விலையை வியட்நாம் மக்களும் அமெரிக்க இளைஞர்களும் கொடுத்தார்கள்.

அதே 1965இல் வேறொரு பக்கம் நல்லதும் நடந்தது. ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர், கார்களின் உருவம் ஆளைக் கொல்கிறது என்று புத்தகம் எழுதினார். செவ்ரொலே கோர்வேரின் பின்சக்கர அமைப்பு, மார்பைக் குத்தும் ஸ்டீயரிங் தண்டு என்று அடுக்கினார். நிறுத்தியிருந்த காரின் வால்துடுப்பில் சைக்கிளோடு மோதி உயிரிழந்த ஒரு சிறுமியைப் பற்றியும் அதில் வருகிறது. நான் அழகென்று சொன்ன அந்தக் கத்தி முனையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தையும் நினைவுக்கு வருகிறாள். ஜெனரல் மோட்டார்ஸ் நாடரின் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. விஷயம் வெளிப்பட்டு, நிறுவனத் தலைவர் 1966 மார்ச்சில் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அந்தச் செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் ஜான்சன். ஒரே கை இரண்டையும் செய்தது என்பதால் நான் அந்த மனிதரை எளிதில் எடைபோடுவதில்லை.

ஜான்சன் பதவிக்கு வந்த சில நாளில் போட்ட இன்னொரு கையெழுத்தும் இன்றைய அமெரிக்கச் சாலையின் முகத்தை மாற்றியிருக்கிறது. அமெரிக்கக் கோழி இறைச்சி மீது ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. பதிலுக்கு 1963 டிசம்பரில் அமெரிக்கா சில பொருள்களுக்கு நூற்றுக்கு 25 வரி போட்டது, அதில் சிறிய டிரக்குகளும் அடக்கம். மற்ற பொருள்களின் வரி காலப்போக்கில் போய்விட்டது, டிரக் வரி நிலைத்துவிட்டது. வெளிநாட்டுப் போட்டி குறைந்த சந்தை டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது. 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தபோது கார்களுக்குக் கடுமையான அளவு, டிரக்குகளுக்குத் தளர்ந்த அளவு. பிறகு குடும்பங்கள் ஓட்டும் எஸ்யூவிகளும் டிரக் கணக்கிலேயே சேர்ந்துகொண்டன. இப்படித்தான் பிக்கப் டிரக் வளர்ந்தது. ஃபோர்டின் எஃப் வரிசை நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்நாட்டில் அதிகம் விற்கும் வண்டி. 2018இல் ஃபோர்டு, மஸ்டாங்கை வைத்துக்கொண்டு, செடான் கார்களை எல்லாம் வட அமெரிக்காவில் நிறுத்தப்போவதாகவே அறிவித்தது.

அந்த டிரக்கின் முகத்தை ஒருமுறை நேருக்கு நேர் நின்று பாருங்கள். கிரில் ஒரு கோட்டைக் கதவு. பானெட் பெரியவர்களின் மார்பு உயரம். முன்னால் ஒரு குழந்தை நின்றால் ஓட்டுபவருக்குத் தெரியாது. கடிலாக்கின் கோடுகள் வானத்தை ஆசையோடு பார்த்தன, இந்த முகம் எதிரே வருபவரை முறைக்கிறது. எனக்கு இதில் அழகு தெரியவில்லை, பயம் தெரிகிறது. உலகம் ஆபத்தானது, உன்னை நீயே காத்துக்கொள் என்று பயத்தை ஊட்டி விற்கிறார்கள். விளைவு சாலையில் தெரிகிறது. அமெரிக்காவில் 2009இல் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2022இல் 7,500க்கும் மேல். காரணம் ஒன்றிரண்டல்ல. சாலை அமைப்பு, செல்போன், இருட்டு எல்லாம் உண்டு. ஆனால் 40 அங்குலத்துக்கு மேல் முகம் உயர்ந்த வண்டி மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, முகம் தாழ்ந்த வண்டி மோதுவதைவிட நூற்றுக்கு 45 அளவுக்கு அதிகம் என்று அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பு 2023இல் கண்டறிந்தது. ஓட்டுபவரின் அச்சத்தைத் தணித்த உயரம், நடந்து போகிறவரின் உயிரை வாங்குகிறது.

2025 மார்ச்சில் வெள்ளை மாளிகையின் வாசலில் டெஸ்லா கார்களை வரிசையாக நிறுத்தி, அதிபர் டிரம்ப் அந்நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க்கோடு நின்று புகழ்ந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சுற்றுச்சூழலை நேசிப்பவர்களின் அடையாளமாகச் சில வருடம் முன்புவரை இருந்த வண்டி அது. மஸ்க்கின் அரசியல் மாறியதும் அதே வண்டிக்கு எதிராகத் தெருவில் போராட்டம் நடந்தது. பழைய சொந்தக்காரர்கள், அவர் இப்படியாவதற்கு முன் வாங்கியது என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்கள். வாக்கும் வண்டியும் அங்கே ஒன்றை ஒன்று இப்படிப் பின்னிக்கொண்டுவிட்டன. வாசலில் நிற்கும் காரைப் பார்த்து உள்ளே இருப்பவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரரை அப்படிப் பார்க்கப் பழகிவிட்ட ஒரு ஜனநாயகத்தைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை.

கடைசியாக ஒரே ஒரு விளம்பரம். 2018 பிப்ரவரி 4, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நாள். அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்காரும் மாலை. ராம் டிரக் விளம்பரம் வருகிறது. பிறருக்கு உதவுபவர்களின் காட்சிகள், நடுநடுவே டிரக். பின்னணியில் மார்ட்டின் லூதர் கிங்கின் குரல். யார் வேண்டுமானாலும் பெரியவராகலாம், ஏனென்றால் யார் வேண்டுமானாலும் சேவை செய்யலாம் என்கிறார். சரியாக ஐம்பது வருடத்துக்கு முன், 1968 பிப்ரவரி 4 அன்று அட்லான்டாவில் தன் தேவாலயத்தில் அவர் நிகழ்த்திய பிரசங்கத்திலிருந்து எடுத்த பகுதி அது.

அந்தப் பிரசங்கம் எதைப் பற்றியது? எல்லோருக்கும் முன்னால் நடக்க வேண்டும், எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டும் என்ற மனித ஆசையைப் பற்றியது. அந்த ஆசையை விளம்பரக்காரர்கள் எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கிங் விரிவாகவே சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பொறாமைப்பட இந்தக் காரை வாங்கு என்று சொல்லி நம்மை மயக்குகிறார்கள் என்கிறார். பழைய மாடல் டி வாங்கக்கூட வருமானம் போதாதவர்கள் கடிலாக்கிலும் கிறைஸ்லரிலும் போவதைக் குறிப்பிடுகிறார். கிறைஸ்லர் என்ற பெயரை அவர் வாயாலேயே சொல்கிறார். ஐம்பது வருடம் கழித்து அந்தக் குரலை எடுத்து டிரக் விற்றது, கிறைஸ்லரையும் ராமையும் தன் கையில் வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர் நிறுவனம். தனிமனிதரின் இந்த ஆசையே நாடுகளைப் போருக்குத் தள்ளுகிறது என்று வியட்நாமைச் சுட்டி அவர் பேசிய பகுதியும் அதே பிரசங்கத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் அதுவும் இல்லை. கிங்கின் உரைகளுக்கான உரிமைகளைக் கவனிக்கும் நிறுவனம் அனுமதி கொடுத்திருந்தது, ஆகவே சட்டப்படி குற்றமில்லை. கிங்கின் மகள் பெர்னிஸ் கிங், தானும் தான் நடத்தும் கிங் மையமும் இதற்கு ஒப்புதல் தரவில்லை என்று அன்றைக்கே தெளிவுபடுத்தினார்.

வாழ்நாளெல்லாம் விளம்பரம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். அது கெட்டிக்காரத்தனமான விளம்பரம் அல்ல, களவு. பிறர் உழைப்பில் ஆன சாலையைத் தனியாளின் வீரமாக்கியதைப் போல, கூட்டாகக் கார்களை ஓட்டிச் சிறைக்குப் போன ஒரு மனிதரின் குரலைத் தனியாளுக்கு டிரக் விற்கப் பயன்படுத்தினார்கள். மான்ட்கோமரியின் ஸ்டேஷன் வேகன்களுக்கும் அந்த டிரக்குக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் இத்தனை நேரமும் உங்களுக்குச் சொல்ல முயன்றேன்.

இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பிரசங்கத்தின் ஒலிப்பதிவு முழுமையாகக் கிடைக்கிறது. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதலில் விளம்பரத்தைப் பாருங்கள், பிறகு பிரசங்கத்தைத் தொடக்கத்திலிருந்து கேளுங்கள். கார்களைப் பற்றிய இடம் முதல் பாதியிலேயே வருகிறது.  கேட்டுவிட்டு வந்து என்னோடு வாதாட விரும்புகிறவர்களுக்காக அடுத்த மாதக் கூட்டத்துக்கும் நான் வருகிறேன்.